சேவலும் வேண்டுமா, பெட்டைகள் மட்டும் போதுமா?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம்: பெட்டை முட்டையிடச் சேவல் தேவையே இல்லை. அந்த முட்டை குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். சத்திலும் ருசியிலும் வித்தியாசம் கிடையாது. கோடையில் அது நல்லதும்கூட. கரு கூடாத முட்டை வெளியில் இருந்தாலும் சீக்கிரம் கெடாது.

சேவல் இருந்தால் கதை வேறு. பருந்தைக் கண்டதும் குரல் கொடுக்கும், பெட்டைகள் புதருக்குள் ஓடிவிடும். இரை கிடைத்தால் பெட்டைகளைக் கூப்பிட்டு விட்டுக்கொடுக்கும் (பார்க்கவே அழகு). நாட்டுக்கோழி அடை உட்கார்ந்தால் 21 நாளில் குஞ்சு. ஆனால் விடிவதற்கு முன்பே கூவும்; பக்கத்து வீட்டார் முகம் சுளிப்பார்கள். எட்டுப் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் சரி. மூன்று பெட்டைக்கு ஒன்று என்றால் ஓயாமல் மிதித்து, முதுகு இறகெல்லாம் உதிர்ந்துவிடும்.

என்னைக் கேட்டால், நகரத்தில் நாலு கோழி வளர்ப்பவருக்குச் சேவல் வேண்டாம். குஞ்சு ஆசை வந்தால், தெரிந்தவரிடம் கரு கூடிய முட்டை வாங்கி அடை வைக்கலாம். தோட்டமும் மேய இடமும் இருந்தால் தாராளமாக ஒன்று விடுங்கள். வாங்கும்போது மட்டும் ஆளைக் கொத்த வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.