பழைய ஜிம்னியுடன் பல வருடங்கள்: முதல் ஆஃப்ரோடு வண்டியைத் தேடுபவர்களுக்கு

ஆஃப்ரோடு பழக நினைப்பவர்கள் பழைய வண்டி தேடும்போது எஞ்சின் எத்தனை குதிரைத்திறன், எவ்வளவு உயர்த்தலாம், எவ்வளவு பெரிய டயர் போடலாம் என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். நான் முதலில் கேட்பது வண்டி எத்தனை கிலோ என்பதைத்தான். மூன்றாம் தலைமுறை சுசுகி ஜிம்னியைப் பல வருடங்களாகச் சேறு, மணல், பாறை என்று எல்லாவற்றிலும் ஓட்டி வருகிறேன். எடை குறைந்த, எளிய அமைப்புள்ள, லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவிசையோடு நகர உதவும் கூடுதல் கியர்) உள்ள வண்டிதான் குறைந்த செலவில் தொடங்குபவருக்குப் பொருத்தம் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை.

இந்தத் தலைமுறை 1998-இல் வந்து 2018 வரை உற்பத்தியில் இருந்தது. இருபது வருடம் ஒரே அடிப்படை அமைப்பு என்பதால் உதிரி பாகம் கிடைக்கும், அனுபவமுள்ள மெக்கானிக்கும் கிடைப்பார். பாடியிலிருந்து தனியான, ஏணி போன்ற லாடர் சேஸிஸ், முன்னும் பின்னும் இரண்டு சக்கரங்களையும் ஒரே தண்டாக இணைக்கும் சாலிட் ஆக்சில், காயில் ஸ்பிரிங், முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரித்து அனுப்பும், லோ ரேஞ்ச் கொண்ட டிரான்ஸ்பர் கேஸ், 2250 மில்லிமீட்டர் வீல்பேஸ், ஒரு டன்னுக்குச் சற்று மேல் எடை. இதே அமைப்பைப் பெரிய வண்டியில் தேடினால் வாங்கும் விலையும் பராமரிப்பும் பல மடங்கு கூடிவிடும்.

வாங்கும் முன் மற்ற வண்டிகளையும் பார்த்தேன். பழைய பஜேரோவில் 1991-இல் வந்த தலைமுறையிலிருந்து சூப்பர் செலக்ட் என்ற அமைப்பு உண்டு. அதில் தார்ச் சாலையிலும் நான்கு சக்கர ஓட்டத்தை வைத்துக்கொள்ளலாம், குடும்பத்தோடு போக வசதியான வண்டி. ஜீப் செரோக்கி எக்ஸ்ஜே-யின் 4.0 லிட்டர் எஞ்சின் நீண்ட காலம் உழைக்கும் என்று பெயர் வாங்கியது. 1977 முதல் வரும் லாடா நீவாவில் எப்போதும் நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும், முன், பின் ஆக்சில்களை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் நடு டிஃபரன்ஷியலைப் பூட்டவும் முடியும். 2005-க்குப் பிந்தைய கிராண்ட் விட்டாராவில் லோ ரேஞ்ச் உள்ள வகைகள் இருக்கின்றன, நெடுஞ்சாலையில் ஜிம்னியைவிட எவ்வளவோ சொகுசு. இவற்றில் எது நல்ல நிலையில் கிடைத்தாலும் வாங்கலாம். நான் ஜிம்னிக்கு வந்ததற்குக் காரணம் எடைதான். இரண்டு டன் வண்டி சேற்றில் அமர்ந்தால் வின்ச்சோ (கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் கருவி) இன்னொரு பெரிய வண்டியோ வேண்டும். ஜிம்னி அமர்ந்தால் பெரும்பாலும் ஒரு மண்வெட்டி, டயருக்கு அடியில் போட ஒரு ஜோடிப் பலகை, தள்ள இரண்டு பேர் போதும். புதிதாகப் பழகுபவர் அடிக்கடி மாட்டிக்கொள்வார். மாட்டினாலும் சுலபமாக வெளியே வர முடிந்தால்தான் அடுத்த தடவையும் போக மனம் வரும்.

எஞ்சின் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 1.3 லிட்டரில் இரண்டு வகை. ஆரம்ப வருட வண்டிகளில் வந்த ஜி13பிபி-யில் டைமிங் பெல்ட், அதற்குப் பின் வந்த எம்13ஏ-யில் டைமிங் செயின். பெல்ட் உள்ளதை வாங்கினால் பழைய ஓனர் எப்போது மாற்றினார் என்பதற்கு ரசீது கேளுங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கில் வைத்து, உடனே மாற்றிவிடுங்கள். மற்றபடி இரண்டும் நம்பகமானவை.

உண்மையில் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் வண்டியின் அடிப்பக்கம். ஒரு டார்ச், ஒரு சின்னச் சுத்தியல், படுக்க ஒரு பாய் எடுத்துக்கொண்டு போங்கள். சேஸிஸின் பின்பகுதி, பாடி சேஸிஸோடு சேரும் மவுண்ட்கள், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் என்ற பகுதி, சக்கர வளைவின் உட்பக்கம், ஆக்சிலைப் பிடித்திருக்கும் ரேடியஸ் ஆர்ம் சேஸிஸில் மாட்டியிருக்கும் இடம் ஆகியவற்றைச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், துருப்பிடித்தது மந்தமாக ஒலிக்கும். விற்பதற்கு முன்பு புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்த அடிப்பாகம் என்றால் கூடுதலாகத் தட்டிப் பார்க்க வேண்டும். எஞ்சினை மாற்றலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். துருத் தின்ற சேஸிஸைச் சரிசெய்யப் போனால் வண்டியின் விலையைவிடச் செலவு அதிகமாகும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்புறம் ஸ்டியரிங் நடுக்கம். குறிப்பிட்ட வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தவுடன் முன்சக்கரங்கள் இரண்டும் படபடவென்று ஆட, ஸ்டியரிங் கையைப் பிடித்து உலுக்கும். முன்பக்கம் சாலிட் ஆக்சில் உள்ள எந்த வண்டியிலும் வரக்கூடியது இது, ஜிம்னியில் மிகவும் பிரசித்தம். பலர் உடனே அதிர்வைத் தணிக்கும் ஸ்டியரிங் டாம்பரை மாற்றுகிறார்கள். அது நடுக்கத்தைக் கொஞ்ச காலம் மூடி மறைக்கும், அவ்வளவுதான். என் வண்டியில் இது வந்தபோது வரிசையாகப் பார்த்தோம்: சக்கர பேலன்சிங், முன்சக்கரம் திரும்பும் அச்சில் உள்ள கிங்பின் பேரிங், ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் ராடின் புஷ் (ரப்பர் வளையம்), ரேடியஸ் ஆர்ம் புஷ். கிங்பின் பேரிங் தேய்ந்திருந்தது. அதை மாற்றி, சரியான இறுக்கத்துக்கு ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்த பிறகு நடுக்கம் நின்றது. இந்த நடுக்கம் இருக்கிறது என்பதற்காக நல்ல சேஸிஸ் உள்ள வண்டியைக் கைவிட வேண்டாம். விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கிச் சரிசெய்துகொள்ளலாம்.

அடுத்தது முன்சக்கர ஹப், அதாவது சக்கரத்தை ஆக்சில் தண்டோடு இணைக்கும் பகுதி. இந்த ஜிம்னியில் பெரும்பாலும் வேக்யூம் மூலம் ஹப் பூட்டிக்கொள்ளும். ரப்பர் குழாயோ சீலோ வயதாகி விரிசல் விட்டால், டாஷ்போர்டில் 4WD விளக்கு எரியும், ஆனால் முன்சக்கரத்துக்கு விசை போகாது. டெஸ்ட் டிரைவில் இதை நிச்சயம் சோதியுங்கள். சரளை மண்ணிலோ புல்வெளியிலோ நான்கு சக்கர ஓட்டத்தில் போட்டு ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். வண்டி இழுத்துப் பிடிப்பது போல இருந்தால் வேலை செய்கிறது, வழக்கம்போல லேசாகத் திரும்பினால் இல்லை. நடு டிஃபரன்ஷியல் இல்லாத வண்டி என்பதால் இந்தச் சோதனையைக் காய்ந்த தார்ச் சாலையில் செய்யக்கூடாது, டிரான்ஸ்பர் கேஸும் ஷாஃப்ட்டும் அடிவாங்கும். நான் பிற்பாடு கையால் திருகும் ஹப் போட்டுவிட்டேன். வண்டியை விட்டு இறங்கிப் பூட்ட வேண்டும், ஆனால் பூட்டியது பூட்டியதுதான்.

டிரான்ஸ்பர் கேஸ் இதில் கியர்பாக்ஸோடு ஒட்டாமல் தனியாக, ரப்பர் மவுண்ட்களில் தொங்குகிறது. அந்த ரப்பர் கிழிந்தால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தரை முழுக்க அதிர்வு வரும். பெரிய பழுது போலத் தோன்றும், மாற்றுவது சின்ன வேலை.

வாங்கியதும் லிஃப்ட் கிட், வின்ச், கூரைமேல் விளக்கு என்று ஆரம்பிக்க வேண்டாம். முதல் செலவு எல்லா ஆயில்களையும் மாற்றுவதற்கும், புஷ்களுக்கும், பிரேக்குக்கும். இரண்டாவது செலவு டயர். கம்பெனியிலிருந்து வருவது 205/70 ஆர்15. நான் 215/75 ஆர்15 ஆல்-டெரெய்ன் போட்டேன். கணக்குப் பார்த்தால் விட்டம் சுமார் 35 மில்லிமீட்டர் கூடுகிறது, அதில் பாதி, அதாவது 17 மில்லிமீட்டருக்கு மேல், டிஃபரன்ஷியலுக்கு அடியில் இடைவெளியாகக் கிடைக்கிறது. சஸ்பென்ஷனை உயர்த்தினால் பாடிதான் உயரும், ஆக்சிலின் அடிப்பாகம் இருந்த இடத்திலேயே இருக்கும். இதைவிடப் பெரிய டயருக்குப் போனால் இந்தச் சின்ன எஞ்சின் திணறும். இந்த அளவிலேயே மேட்டில் ஐந்தாவது கியர் பயன்படுவதில்லை.

மூன்றாவது, காற்றழுத்தக் கருவியும் ஒரு சின்ன கம்ப்ரசரும். ஆஃப்ரோடில் இதைவிட மலிவான முன்னேற்றம் எதுவும் கிடையாது. கல்லும் சரளையும் உள்ள பாதையில் 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குகிறேன், மணலில் 14 வரை. எடை குறைந்த வண்டி என்பதால் அழுத்தம் குறைத்தாலும் டயர் தாங்குகிறது, தரையில் படும் பரப்பு நீள்கிறது, உடம்பு உலுக்கலும் பாதியாகிறது. அந்த அழுத்தத்தில் வேகமாகத் திருப்பக்கூடாது, டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார்ச் சாலைக்கு ஏறும் முன் மறுபடி காற்று அடித்தே ஆக வேண்டும்.

நான்காவது, சேஸிஸோடு சரியாகப் போல்ட் செய்த ரிகவரி பாயின்ட், மாட்டிய வண்டியை இழுக்கக் கயிறு கட்டும் இடம். வண்டியில் வரும் சின்ன வளையங்கள் லாரியிலோ கப்பலிலோ கட்டி அனுப்புவதற்கானவை. டிரெய்லரை இணைக்கும் இரும்பு உருண்டையிலும் கயிறு மாட்டக்கூடாது. இழுக்கும்போது அது முறிந்தால் உயிரைப் பறிக்கும் வேகத்தில் பறந்து வரும்.

ஓட்டும் விதத்தில் ஜிம்னி நல்ல ஆசிரியர். விசை குறைவு என்பதால் ஆக்சிலரேட்டரை மிதித்துத் தப்பிக்கும் பழக்கம் வராது, பாதையைப் பார்த்து எந்தச் சக்கரம் எங்கே விழும் என்று யோசிக்கக் கற்றுக்கொள்வீர்கள். செங்குத்து இறக்கத்தில் லோ ரேஞ்ச் முதல் கியர், கால் கிளட்ச்சுக்குப் பக்கத்திலேயே போகக்கூடாது. ஏற்றத்தில் பாதியில் நின்றுபோனால் ரிவர்ஸ் போட்டு, வந்த தடத்திலேயே நேராக இறங்க வேண்டும். வீல்பேஸ் குட்டை, பாடி ஒடுக்கமும் உயரமும். சரிவில் குறுக்காகத் திருப்பினால் உருளும். இதே காரணத்துக்காகக் கூரைமேல் கனமான ரேக் வைப்பதையும் நான் எதிர்க்கிறேன்.

எதிரெதிர் மூலைச் சக்கரங்கள் இரண்டும் அந்தரத்தில் தொங்கும் இடத்தில்தான் இந்த வண்டியின் எல்லை தெரியும். டிஃபரன்ஷியல்கள் பூட்டில்லாதவை, தொங்கும் சக்கரங்கள் சும்மா சுற்றும். கல்லைப் போட்டு நிரப்பலாம், வேறு கோணத்தில் முயலலாம், பிரேக்கை லேசாக அழுத்தியபடி நகர்த்திப் பார்க்கலாம். டிஃபரன்ஷியலைப் பூட்டும் லாக்கர் பிற்பாடு போடலாம். ஆனால் அது இல்லாமல் ஒரு வருடமாவது ஓட்டுங்கள் என்பேன்.

தண்ணீருக்கு ஒரு எச்சரிக்கை. ஓடி வந்த சூட்டோடு ஆக்சில் குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளே உள்ள காற்று சுருங்கி, சீல் வழியே தண்ணீரை உறிஞ்சும். ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் ப்ரீதர் குழாயை எஞ்சின் உயரத்துக்கு நீட்டிவிட்டால் பெரும்பகுதிப் பிரச்சினை தீர்ந்தது. அப்படியும் ஆழமான ஓடையைக் கடந்து வந்தால் டிஃபரன்ஷியல் ஆயிலைத் திறந்து பார்க்கிறேன், பால் கலந்த நிறம் தெரிந்தால் அன்றே மாற்ற வேண்டும். எஞ்சின் காற்று இழுக்கும் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஒரு வாய்த் தண்ணீர் சிலிண்டருக்குள் போனாலே கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

தினசரி வாழ்க்கையில் இதன் குறைகளையும் சொல்ல வேண்டும். நெடுஞ்சாலையில் சத்தம் அதிகம், பக்கக் காற்றுக்கு ஆடும், முந்திச் செல்ல நிறையவே இடம் பார்க்க வேண்டும். நான்கு பேர் உட்கார்ந்தால் பின்னால் இரண்டு பை வைக்கக்கூட இடமில்லை. குழந்தைகளோடு நீண்ட தூரம் போய், கூடாரம் போட்டுத் தங்கி வருவதுதான் உங்கள் எண்ணம் என்றால் பஜேரோவையோ கிராண்ட் விட்டாராவையோ தேடுங்கள், ஜிம்னி உங்களைச் சோர்வடையச் செய்யும். தனியாகவோ இன்னொருவரோடோ போய், கடினமான பாதையில் ஓட்டப் பழகுவதுதான் ஆசை என்றால் துருவில்லாத ஜிம்னி கிடைக்கும் வரை காத்திருங்கள். கிலோமீட்டர் அதிகம் ஓடியிருந்தாலும் பரவாயில்லை, பெயின்ட் மங்கியிருந்தாலும் பரவாயில்லை. முந்தைய ஓனர் எதையும் மாற்றாமல் கம்பெனி நிலையில் வைத்திருந்த வண்டி என்றால் இன்னும் நல்லது. பிறர் செய்த அரைகுறை லிஃப்ட்டையும் வயரிங்கையும் பிரித்துச் சரிசெய்யும் வேலை உங்களுக்கு இருக்காது.