ஜப்பானின் உள்ளூர் டிவி விளம்பரங்கள்: தாராளமாகப் பார்க்கலாம்

வசந்த் அண்ட் கோ வசந்தகுமாரின் சிரிப்பையும், லலிதா ஜுவல்லரி கிரண்குமார் கேமராவை நேராகப் பார்த்துப் பேசுவதையும் ரசித்த சென்னைக்காரர்களுக்கு, இணையத்தில் கிடைக்கிற ஜப்பானிய உள்ளூர் விளம்பரத் தொகுப்புகள் கண்டிப்பாகப் பிடிக்கும்.

என் முதல் ஓட்டு ஒசாகாவின் 551 ஹோராய்க்குத்தான். பன்றி இறைச்சியை உள்ளே வைத்து ஆவியில் வேகவைத்த பன் விற்கிற கடை. அந்தப் பன் வீட்டில் இருந்தால் எல்லோரும் குதூகலமாகச் சிரிக்கிறார்கள், இல்லையென்றால் அதே ஆட்கள் முகம் தொங்கி உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான் விளம்பரமே. விலை, தள்ளுபடி, நட்சத்திர நடிகர் எதுவும் தேவைப்படவில்லை. கடைகள் ஒசாகாவைச் சுற்றியுள்ள கன்சாய் பகுதியைத் தாண்டாததால், டோக்கியோக்காரர்களுக்கு அது ஊருக்குப் போனால் மறக்காமல் வாங்கி வருகிற பண்டம், நமக்குத் திருநெல்வேலி அல்வா மாதிரி.

அப்புறம் ஷிசுவோகா மாகாணத்தின் இட்டோவில், வெந்நீர் ஊற்றுக் குளியலுக்குப் பேர்போன ஹதோயா ஹோட்டல். துள்ளுகிற பெரிய மீனைக் கட்டிப்பிடித்துத் திணறுகிற சிறுவன், கூடவே ஹோட்டலின் போன் நம்பரையே பாட்டாக்கிய மெட்டு. 1960களில் தொடங்கிய விளம்பர வரிசை, அந்த மெட்டு இன்னும் காதை விட்டுப் போகாது.

சரி, குறை? பல தொகுப்புகளில் எந்த ஊர், எந்த ஆண்டு என்று போடுவதில்லை, உள்ளூர் விளம்பரத்துக்கு அதுதானே உயிர். மொழி தெரியாதே என்று தயங்காதீர்கள், பெரும்பாலும் 15 விநாடிதான், முகங்களே கதை சொல்லிவிடும். 551-இல் ஆரம்பியுங்கள், வீட்டுப் பிள்ளைகளையும் கூட உட்கார வையுங்கள்.