சென்னையிலிருந்து கிளம்பியபோது: கோவையா, திருச்சியா?

அம்பத்தூரில் பதினோரு வருடம் வாடகைக்கு இருந்துவிட்டு, 2023 மே மாதம் சாமான்களை லாரியில் ஏற்றிக் கோவை கணபதிக்கு வந்தோம். அதற்கு முந்தைய ஆறு மாதமும் வீட்டில் இதே பேச்சுதான்: கோவையா, திருச்சியா? என் மனைவிக்குச் சொந்த ஊர் திருச்சி. மாமனார் கே.கே. நகரில் இருக்கிறார். "மாடி காலியாத்தானே கிடக்கு மாப்பிள்ளை, வாடகையா கொடுக்கப் போறீங்க?" என்று கேட்டார். வாடகையே இல்லாத வீட்டை விட்டுவிட்டு, 11,500 ரூபாய் வாடகைக்குக் கோவையில் வீடு பிடித்தோம். இதே யோசனையில் இருக்கும் நண்பர்கள் இரண்டு மூன்று பேர் காரணம் கேட்டார்கள். ஃபோனில் சொல்லி முடிக்கிற விஷயமாக இல்லை.

எங்கள் நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் இயந்திர உதிரிபாகம் செய்யும் கம்பெனிகளில் குவாலிட்டி பிரிவில் வேலை பார்ப்பவன். மனைவி மெடிக்கல் கோடிங், அதாவது சிகிச்சைக் குறிப்புகளை இன்சூரன்ஸ் பில்லுக்கான குறியீடுகளாக மாற்றும் வேலை. மகள் அப்போது மூன்றாம் வகுப்பு முடித்திருந்தாள். ஐ.டி.யில் பெரிய சம்பளம் வாங்குபவர்களுக்கோ, அரசு வேலையில் இருப்பவர்களுக்கோ என் கணக்கு அப்படியே பொருந்தாது.

சென்னையை விட்டதற்கான காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு வாடகையும் பராமரிப்புமாக மாதம் 19,500 போனது. 2015 வெள்ளத்தையும் பார்த்தோம், 2019 கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்ததையும் பார்த்தோம். வேலை விஷயத்தில் சென்னையைக் குறை சொல்லவே முடியாது. ஆனால் அந்த வேலைகள் ஊரெங்கும் சிதறிக் கிடக்கின்றன. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை போய் ஒரகடத்தில் கிடைத்தால், அது கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். ஒன்று, தினமும் கம்பெனி பஸ்ஸில் மூன்று மணி நேரம். இல்லாவிட்டால் வீட்டையும் பள்ளியையும் மாற்ற வேண்டும்.

அடுத்து திருச்சி. அந்த ஊருக்கு நியாயம் செய்துதான் ஆக வேண்டும். தண்ணீரில் திருச்சியைக் கோவையால் தொடவே முடியாது. காவிரிப் படுகையில் கிணறு இறக்கி எடுக்கிற தண்ணீர், மாமனார் வீட்டில் தினமும் வருகிறது. கணபதியில் எங்கள் தெருவில் சில வாரம் ஐந்து நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர். வாடகையும் திருச்சியில் குறைவு. சென்னைக்குப் பல்லவனிலோ வைகையிலோ ஐந்து மணி நேரத்தில் போய்விடலாம். மதுரை, தஞ்சாவூர் எல்லாம் பக்கம். மெடிக்கல் கோடிங்கிலும் திருச்சி குறைந்ததில்லை, மனைவியை அங்கே இரண்டு இடத்தில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அவளுடைய வேலையை மட்டும் பார்த்திருந்தால் திருச்சிக்கே போயிருப்போம்.

வெயில் குறைவு என்பதில் கோவைக்கு மார்க். சாப்பாடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் இரண்டு ஊரிலும் நன்றாகவே இருக்கின்றன.

இரண்டு ஊரிலும் எனக்கு வேலை உறுதியாகியிருந்தது. சென்னையில் வாங்கியது 48,000. கோவையில் 41,000 தருவதாகச் சொன்னார்கள், திருச்சியில் 36,000. வாடகையைக் கழித்துப் பார்த்தால் திருச்சியில்தான் கையில் அதிகம் நிற்கும். மாமனார் சொன்னதும் அதுதான், கணக்கில் தவறே இல்லை.

நான் பார்த்தது வேறு கணக்கு. இந்த வேலை போனால் அடுத்த வேலை எங்கே? அது இதே வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் இருக்குமா?

எனக்கு அப்போது வயது 39. தனியார் கம்பெனியில் இந்த வயதுக்கு மேல் ஒரே இடத்தில் இருபது வருடம் இருப்போம் என்று யாரும் நம்பக்கூடாது. அதனால் கிடைத்த வேலையை மட்டும் பார்க்காமல், அதற்கு அடுத்த வேலைக்கு என்ன வழி என்று இரண்டு ஊரிலும் நேரில் போய்ப் பார்த்தேன். மச்சானுடைய வண்டியை வாங்கிக்கொண்டு திருச்சியில் பட்டறைகள் இருக்கும் திருவெறும்பூர், துவாக்குடி பக்கம் ஒரு நாள் முழுக்கச் சுற்றினேன். அடுத்த வாரம் கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டை. கேட்டில் தொங்கும் 'ஆட்கள் தேவை' போர்டுகளை நோட்டில் எழுதிக்கொண்டே போனேன். துவாக்குடியில் அரைப் பக்கம் வந்தது, அதில் பெரும்பாலும் வெல்டர், ஃபிட்டர். கோவையில் இரண்டு பக்கம் தாண்டியது: சி.என்.சி. ஆபரேட்டர், செட்டர், டர்னர், மோல்டர், மோட்டார் வைண்டிங், குவாலிட்டி இன்ஸ்பெக்டர், ஸ்டோர்ஸ், டெஸ்பாட்ச்.

இந்த வித்தியாசம் தற்செயலாக வந்ததில்லை. திருச்சியின் பட்டறைகளில் பெரும்பகுதி 1960களில் வந்த பி.எச்.இ.எல். என்ற மத்திய அரசு நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்தவை. அங்கிருந்து ஆர்டர் வந்தால் ஃபேப்ரிகேஷன், அதாவது இரும்புத் தகடுகளை வெட்டி வெல்டிங் செய்யும் வேலை ஓடும். 2010களில் அனல் மின் நிலையங்களுக்கான ஆர்டர் குறைந்தபோது அந்தச் சிறு கம்பெனிகள் பட்ட கஷ்டத்தை மச்சானின் நண்பர்களே சொன்னார்கள். ஒரு கம்பெனியில் வேலை இல்லை என்றால் பக்கத்துக் கம்பெனியிலும் அதே நாளில் வேலை இல்லை, ஏனென்றால் இரண்டுக்கும் ஆர்டர் கொடுப்பவர் ஒருவரே. பொன்மலை ரயில்வே பணிமனையும் துப்பாக்கித் தொழிற்சாலையும் பெரிய இடங்கள்தான், ஆனால் என்னைப் போல பாதி வழியில் வருகிறவன் நுழையக்கூடியவை அல்ல.

கோவை வளர்ந்த விதம் வேறு. முதலில் பஞ்சாலைகள். 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. ஆலைக்கு உதிரிபாகம் வேண்டும், அதற்கு ஃபவுண்டரி, அதாவது உலோகத்தை உருக்கி வார்க்கும் பட்டறை வேண்டும். கிணற்றுப் பாசனத்துக்கு மோட்டாரும் பம்பும் இங்கேயே செய்தார்கள். அதிலிருந்து வெட் கிரைண்டர், கம்ப்ரசர், பிறகு வண்டிகளுக்கான பாகங்கள். ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்ததால் எல்லாம் ஒரே நேரத்தில் படுப்பது அபூர்வம். நூலுக்கு மார்க்கெட் இல்லாத வருடம் பம்புக்கு இருக்கலாம். என் கையில் இருக்கும் தொழில், அதாவது அளவு பார்ப்பது, ட்ராயிங் படிப்பது, கஸ்டமர் ஆடிட்டுக்குத் தயார் செய்வது, இந்தத் தொழில்கள் எல்லாவற்றுக்கும் தேவை. ஆவாரம்பாளையத்தில் டீக்கடையில் பார்த்த ஒரு வயதான டர்னர் சொன்னார்: "இங்க வேலைக்குப் பஞ்சமில்லீங்க தம்பி. சம்பளத்துக்குத்தான் பேசோணும்."

அவர் சொன்ன இரண்டாவது வரியும் உண்மை. கோவையில் சம்பளம் பேசியே வாங்க வேண்டியிருக்கிறது. சிறு கம்பெனிகளும் எப்போதும் செழிப்பாக இல்லை. 2023 கடைசியில் மின்கட்டண உயர்வை எதிர்த்து அவை கதவை மூடிப் போராடியதை வந்த புதிதிலேயே பார்த்தேன்.

என் கணக்குக்குச் சோதனை சீக்கிரமே வந்தது. 2024 அக்டோபரில், சேர்ந்து பதினேழு மாதத்தில், எங்கள் கம்பெனிக்கு ஏற்றுமதி ஆர்டர் குறைந்து இரண்டாவது ஷிஃப்டை நிறுத்தினார்கள். எங்கள் பிரிவில் நான்கு பேரைப் போகச் சொன்னார்கள், அதில் நானும் ஒருவன். அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. ஆனால் பத்தொன்பதாவது நாள் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டேன்: பம்பு பாகங்கள் செய்யும் கம்பெனி, ஆவாரம்பாளையம், வீட்டிலிருந்து வண்டியில் பத்து நிமிடம், சம்பளம் 44,000. வீட்டை மாற்றவில்லை. மகளுக்குப் பள்ளி மாறவில்லை. மனைவி சரவணம்பட்டி ஆபீசுக்குப் போகும் பஸ்கூட மாறவில்லை. என்னோடு வெளியே வந்த மூன்று பேரும் ஜனவரிக்குள் வேலையில் இருந்தார்கள். மாமனாரிடம் ஃபோனில் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி மாப்பிள்ளை, நீங்க பார்த்தது சரிதான்" என்றார். எனக்கு அது பெரிய விஷயம்.

வீடு வாங்குவதிலும் இதே கேள்விதான் முன்னால் நிற்கிறது. தமிழ்நாட்டில் இப்போது கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. 40 லட்சத்துக்கு ஓர் இடம் பதிந்தால் 3,60,000 ரூபாய் அதிலேயே போகிறது. இரண்டு வருடத்தில் வேலைக்காக ஊர் மாற வேண்டி வந்தால், வாங்கிய விலைக்கே விற்றாலும் அந்தப் பணம் திரும்பாது. விலை குறைவு என்று முதலில் வீட்டை வாங்கிவிட்டு அப்புறம் வேலையைத் தேடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். முதல் ஒன்றரை வருடமாவது வாடகைக்கு இருங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

சின்ன விஷயம், ஆனால் கிளம்பும் முன் தெரிந்திருந்தால் நல்லது: பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு வீட்டு வாடகைப் படிக்கான விலக்கின் உச்ச வரம்பு சென்னையில் அடிப்படைச் சம்பளத்தில் (அகவிலைப்படி இருந்தால் அதையும் சேர்த்து) 50%, கோவை, திருச்சி இரண்டிலும் 40%. முதல் வருடம் எனக்கு அது தெரியாமல் கொஞ்சம் துண்டு விழுந்தது.

இடம் வாங்கி விற்ற அனுபவம் எனக்கு இன்னும் இல்லை, அதனால் எந்த ஊரில் மறுவிற்பனை சுலபம் என்று என்னால் சொல்ல முடியாது. சென்னையில் கிரவுண்டு கணக்கில் பேசிப் பழகியவனுக்கு இங்கே சென்ட் கணக்கு பிடிபடவே சில மாதம் ஆனது. ஒரு கிரவுண்டு என்பது ஐந்தரை சென்ட்டுக்குப் பக்கம். இப்போது துடியலூர் தாண்டி மூன்று சென்ட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். குழாய்த் தண்ணீர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறது, போர்வெல் எத்தனை அடி என்று அந்தத் தெருவில் நாலு வீட்டில் விசாரிக்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமனாரும் வருகிறார். தண்ணீர் விஷயத்தில் அவரை ஏமாற்ற யாராலும் முடியாது.