ஈஎஸ்பி32 போர்டு: சில ஆண்டுப் புழக்கத்துக்குப் பின்

சென்சார், மோட்டார் போன்றவற்றை நிரல் எழுதி இயக்க உதவும் சின்னக் கணினிப் பலகையான ஈஎஸ்பி32 டெவ் போர்டைப் புதிதாக வாங்கியவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: விலை மலிவு, வைஃபையும் புளூடூத்தும் உள்ளேயே இருக்கின்றன, 240 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இரண்டு கோர்கள். எல்லாம் உண்மை. 2 கேபி ராம் உள்ள ஆர்டுயினோ ஊனோ போர்டில் பழகியவருக்கு 520 கேபி கிடைத்தால் கசக்குமா? ஆனால் சில ஆண்டுகள் புழங்கியபின் எனக்குச் சொல்லத் தோன்றுவது வேறு. இந்தப் போர்டில் நான் கற்றதில் பாதிக்கு மேல் கரண்டைப் பற்றித்தான். கோடு (நிரல்) எழுதுவது அதற்கு அப்புறம்.

அதிக நாள் ஓடுவது வீட்டு மோட்டார் கன்ட்ரோலர். மாடித் தொட்டி நிறைந்தால் நிறுத்த வேண்டும், சம்ப் காலியானால் ஓடக் கூடாது. கோடு சுலபம். மேசையில் மோட்டாருக்குப் பதில் எல்ஈடி வைத்துப் பார்த்தபோது ஒரு குறையும் இல்லை. ரிலேயில் (போர்டு சொல்வதற்கேற்ப மோட்டார் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) நிஜ மோட்டாரை மாட்டியதும், மோட்டார் நிற்கும் அதே நொடியில் போர்டு ரீசெட் ஆனது. ரிலே காண்டாக்ட் பிரியும்போது மோட்டார் காயிலில் தேங்கிய ஆற்றல் தீப்பொறியாக வெளியேறுகிறது. அந்த மின் இரைச்சல் ஒயர் வழியாக போர்டு வரை வந்துவிடுகிறது. காண்டாக்டுக்குக் குறுக்கே ரெசிஸ்டரும் எக்ஸ்2 ரக (மெயின்ஸ் கரண்டுக்கான) கெப்பாசிட்டரும் சேர்ந்த, தீப்பொறியை அடக்கும் ஸ்னப்பர், போர்டுக்குத் தனி சப்ளை, சென்சார் ஒயருக்குத் தனி பைப். இவ்வளவு செய்தபின் சாது ஆகிவிட்டது. (230 வோல்ட் பக்கம் பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.)

அடுத்தது பிரவுன்அவுட், அதாவது வோல்டேஜ் போதாமல் போவது. வைஃபை சிக்னல் அனுப்பும் கணத்தில் சிப் சில நூறு மில்லிஆம்பியர் இழுக்கும். யுஎஸ்பி கேபிள் மெலிதாக இருந்தால் வோல்டேஜ் சரிந்து, போர்டு திரும்பத் திரும்பப் பூட் ஆகிக்கொண்டிருக்கும். வோல்டேஜ் சரிந்தால் சிப்பை ரீசெட் செய்யும் பிரவுன்அவுட் டிடெக்டரையே அணைத்துவிடச் சொல்லி இணையத்தில் ஒரு வைத்தியம் சுற்றுகிறது. தயவுசெய்து வேண்டாம். நல்ல கேபிள் போடுங்கள், 3.3 வோல்ட் பின்னுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கெப்பாசிட்டர் வையுங்கள்.

பின்களைப் பற்றி ஒரு வார்த்தை. 34 முதல் 39 வரை உள்ளீட்டுக்கு மட்டும், உள் புல்-அப்பும் (பின்னை ஹை நிலையில் பிடித்துவைக்கும் ரெசிஸ்டர்) கிடையாது. பூட் ஆகும்போது 12ஆம் பின் ஹையாக இருந்தால், நிரல் இருக்கும் ஃபிளாஷ் மெமரிக்கு 1.8 வோல்ட் போதும் என்று சிப் முடிவு செய்துவிடும். பெரும்பாலான போர்டுகளில் ஃபிளாஷ் 3.3 வோல்ட் என்பதால் பூட்டே ஆகாது. வைஃபை ஓடும்போது ஏடிசி2 பின்களில் (அனலாக் அளவு எடுக்கும் இரண்டு தொகுதிகளில் இரண்டாவது) அளவு எடுப்பதை நம்ப முடியாது. எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், பின் படத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

பேட்டரியில் ஓட்ட நினைப்பவர்களுக்குத்தான் பெரிய ஏமாற்றம். சிப் ஏறக்குறைய முழுதும் தூங்கும் டீப் ஸ்லீப்பில் 10 மைக்ரோஆம்பியர் அளவுதான் என்று டேட்டாஷீட் சொல்கிறது. அது சிப்பின் கணக்கு. டெவ் போர்டில் கூடவே ரெகுலேட்டர், யுஎஸ்பி சிப், அணையாத சிவப்பு எல்ஈடி எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. மல்டிமீட்டரைத் தொடரில் வைத்தால் மில்லிஆம்பியர்களில் காட்டும். 5 மில்லிஆம்பியர் என்றே வைத்துக்கொண்டாலும், 2000 எம்ஏஎச் பேட்டரி 400 மணி நேரத்தில், அதாவது பதினேழு நாளுக்குள், காலி.

தோட்டத்து ஈரப்பத சென்சாருக்காக இந்த இடத்தில்தான் சொந்தமாக சர்க்யூட் போர்டு வடிவமைக்கும் கீகேட் மென்பொருள் பக்கம் போனேன். வெறும் ஈஎஸ்பி32 மாட்யூல், தனக்கென மிகக் குறைவாகவே கரண்ட் எடுக்கும் ரெகுலேட்டர், நிரல் ஏற்ற நாலைந்து பின்கள், அவ்வளவுதான் போர்டு. ஆன்டெனா முனைக்குக் கீழே காப்பர் வராமல் பார்த்துக்கொண்டால் வைஃபை எட்டும் தூரமும் குறையாது. சர்க்யூட் வடிவமைப்பு எனக்குப் பிடிபட்டது இந்தச் சின்ன போர்டில்தான்.

முதல் போர்டாக இதை வாங்கலாமா? 5 வோல்ட் சென்சார்களை நேரடியாக மாட்டும் கட்டத்தில் இருப்பவருக்கு ஊனோதான் நல்லது. ஈஎஸ்பி32 பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. எல்ஈடி, பட்டன், சென்சார் எல்லாம் கைக்கு வந்தபின் தாராளமாக இதற்கு மாறலாம். கூடவே ஒரு மல்டிமீட்டரும் வாங்கிவிடுங்கள்.