யாரைப் போய்ப் பார்ப்பது? வலைப்பின்னல் ஆய்வின் மூன்று வழிகள்

ஓர் ஊரில் தடுப்பூசி முகாம் பற்றிய செய்தி எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும். இன்னொரு நகரத்தில், அடுத்து துப்பாக்கிக் குண்டுக்கு இரையாகக்கூடியவரை முன்கூட்டியே அணுகிக் காப்பாற்ற வேண்டும். முதலாவது சுகாதாரத் துறையின் வேலை, இரண்டாவது பாதுகாப்புத் துறையின் வேலை என்று பிரித்துவிடுகிறோம். ஆனால் இரண்டிலும் ஆய்வாளர் சந்திப்பது ஒரே கேள்வியைத்தான். எல்லோரையும் பார்க்க ஆளும் இல்லை, பணமும் இல்லை. அப்படியானால் யாரைப் போய்ப் பார்ப்பது?

சமூக வலைப்பின்னல் பகுப்பாய்வு இதற்குப் பதில் தேடுகிறது. மனிதர்களைப் புள்ளிகளாகவும் உறவுகளைக் கோடுகளாகவும் வரைந்து, எந்தப் புள்ளி வழியாகச் செய்தியோ நோயோ வன்முறையோ அதிகம் கடக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். கணக்கை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். கோடுகளை எங்கிருந்து எடுத்தோம் என்பதுதான் முக்கியம். அதற்கு மூன்று வழிகள் போட்டியில் இருக்கின்றன: வீடு வீடாகக் கேட்டு முழு வரைபடம் போடுவது, சிலரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பது, ஏற்கெனவே இருக்கும் பதிவேடுகளிலிருந்து கோடுகளை உருவுவது. பெரும்பாலான வேலைக்கு நான் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பேன். மூன்றாவதைக் கண்டால் எனக்குப் பயம் உண்டு. காரணங்களைச் சொல்கிறேன்.

முழு வரைபடத்துக்குப் பக்கத்து மாநிலத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. அபிஜித் பானர்ஜி, அருண் சந்திரசேகர், எஸ்தர் டூஃப்லோ, மாத்யூ ஜாக்சன் ஆகிய பொருளாதார அறிஞர்களின் குழு கர்நாடகத்தில் 75 கிராமங்களை இப்படி வரைந்தது. யார் வீட்டுக்குப் போவீர்கள், அவசரத்துக்கு அரிசியோ மண்ணெண்ணெயோ யாரிடம் வாங்குவீர்கள், யாரோடு கோயிலுக்குப் போவீர்கள், யாரிடம் யோசனை கேட்பீர்கள் என்று உறவின் ஒவ்வொரு வகையையும் தனித்தனியாகக் கேட்டார்கள். பிறகு அவற்றில் 43 கிராமங்களில் ஒரு நுண்கடன் நிறுவனம் நுழைந்தபோது, முதலில் செய்தி சொல்லப்பட்டவர்கள் வலைப்பின்னலில் எங்கே இருந்தார்கள் என்பதைப் பொறுத்து கடனில் சேர்ந்தவர்களின் அளவு மாறியது தெரிந்தது. இந்த அடிப்படை உண்மையைக் காட்ட முழு வரைபடம் தேவைப்பட்டது. அரிசி வாங்கும் உறவும் கோயிலுக்குப் போகும் உறவும் ஒன்றல்ல என்பதை வேறு எந்த வழியும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லாது.

ஆனால் ஒரு மாவட்டத்துக்கே இதைச் செய்ய முடியுமா? ஒவ்வொரு வீட்டிலும் நீண்ட நேரம் உட்கார வேண்டும், பெயர்களை ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். அது முடிவதற்குள் திருமணமும் இடப்பெயர்வும் சண்டையும் பாதிக் கோடுகளை மாற்றிவிடும். சரி, செலவைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஹோண்டுராஸ் நாட்டின் லெம்பிரா பகுதியில் 32 கிராமங்களில் 5,773 பேரைக் கொண்டு நடந்த சோதனையின் முடிவு 2015-இல் வெளியானது. அது என்னை இன்னும் யோசிக்க வைத்தது. வைட்டமின் மாத்திரையையும் குடிநீரில் சேர்க்கும் குளோரினையும் பரப்புவது நோக்கம். முழு வரைபடம் போட்டு, அதிகம் பேர் பெயர் சொன்னவர்களைத் தேர்ந்தெடுத்து அவர்களிடம் கொடுத்த கிராமங்கள், கண்ணை மூடிக்கொண்டு யாரோ சிலரிடம் கொடுத்த கிராமங்களைவிட எதிலும் மேலாக வரவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்தவர்கள் பலசமயம் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாகவே இருப்பார்கள், அதனால் செய்தி அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறது என்பது என் ஊகம்.

அதே சோதனையில் மூன்றாவது பிரிவு ஒன்று இருந்தது. யாரோ சிலரைக் குலுக்கலில் எடுத்து, “உங்கள் நண்பர் ஒருவரின் பெயரைச் சொல்லுங்கள்” என்று கேட்டு, அந்த நண்பரிடம் கொடுத்தார்கள். வரைபடம் தேவையே இல்லை. குலுக்கல் முறையோடு ஒப்பிட்டால் வைட்டமினை ஏற்றுக்கொண்டது இங்கே 12.2% கூடியது. குளோரினில் அந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியவில்லை. இந்தத் தந்திரம் வேலை செய்வதற்குக் காரணத்தை ஸ்காட் ஃபெல்ட் என்ற சமூகவியலாளர் 1991-இலேயே எழுதியிருக்கிறார். சராசரியாகப் பார்த்தால் நம்மைவிட நம் நண்பர்களுக்கு நண்பர்கள் அதிகம். நிறைய நண்பர்கள் உள்ளவரின் பெயரைச் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள், அவ்வளவுதான். 2009-இல் ஹார்வர்டு மாணவர்கள் 744 பேரை ஃப்ளூ காய்ச்சல் காலத்தில் பின்தொடர்ந்தபோது, இப்படி நண்பராகக் குறிக்கப்பட்டவர்களின் குழுவில் காய்ச்சல் மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு வாரம் முன்னதாகவே பரவியது. ஊர் முழுக்கக் கண்காணிக்க முடியாத ஒரு சுகாதாரத் துறைக்கு இரண்டு வாரம் என்பது எவ்வளவு பெரிய அவகாசம்!

கர்நாடகக் குழு இதையே இன்னும் எளிதாக்கியது. இந்த முறை 213 கிராமங்கள். “ஒரு செய்தி ஊர் முழுக்கப் பரவ வேண்டும் என்றால் யாரிடம் சொல்ல வேண்டும்?” என்று மக்களிடமே கேட்டார்கள். பிறகு ஓர் இலவசக் குலுக்கல் பற்றிய செய்தியை ஒவ்வொரு ஊரிலும் ஒருசிலரிடம் மட்டும் சொன்னார்கள். ஒரு எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் கைபேசியோ பணமோ கிடைக்கும் வாய்ப்பு. ஊர்ப் பெரியவர்களிடம் சொன்ன கிராமங்களைவிட, மக்கள் கைகாட்டியவர்களிடம் சொன்ன கிராமங்களிலிருந்து அதிக அழைப்புகள் வந்தன. ஹரியானாவில் குழந்தைத் தடுப்பூசிக்கு இதே முறையைப் பயன்படுத்தியபோது, யாரோ சிலரிடம் சொன்னதைவிட தடுப்பூசி எண்ணிக்கை 22% கூடியது. ஊர்ப் பெரியவரைத் தேடிப் போகும் நம் அரசுத் திட்டங்கள் இதைக் கவனிக்க வேண்டும். கூடிப் பேசும் இடத்தில் யார் பேச்சு அடுத்த தெருவுக்குப் போகிறது என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

இந்த வழிக்கும் ஓட்டைகள் உண்டு, மறைக்க விரும்பவில்லை. பிரபலமான உள்ளூர் ஆட்களைப் பயிற்றுவித்து எச்.ஐ.வி. தடுப்புச் செய்தியைப் பரப்பும் முறை 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மிசிசிப்பி பகுதி மதுக்கூடங்களில் நன்றாக வேலை செய்தது. பிறகு சீனா, பெரு, ரஷ்யா, ஜிம்பாப்வே, இந்தியா என ஐந்து நாடுகளில் பெரிய அளவில் சோதித்தார்கள். இந்தியாவுக்குத் தேர்ந்தெடுத்த இடம் சென்னை. ஒயின் ஷாப்புகளில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதுவரை அங்கே ஆராய்ந்தார்கள். 2010-இல் வெளியான முடிவின்படி, பயிற்சி கொடுத்த பகுதிகளிலும் கொடுக்காத பகுதிகளிலும் ஆபத்தான நடத்தை ஏறத்தாழ ஒரே அளவில்தான் குறைந்திருந்தது. இரு பக்கமும் பரிசோதனையும் ஆலோசனையும் கிடைத்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொன்று, நம் ஊர்களில் யாரிடம் கேட்கிறோம் என்பதே பதிலை மாற்றும். மேலத்தெருவில் கேட்டால் மேலத்தெருப் பெயர்தான் வரும். காலனியிலும் வெளியூர்த் தொழிலாளர் தங்குமிடத்திலும் தனியாகக் கேட்காவிட்டால் அவர்கள் இந்த வலைக்குள் வரவே மாட்டார்கள்.

தொற்றுக் காலத்தில் தொடர்பில் இருந்தவர்களைத் தேடுவதும் ஒருவகையில் கேட்கும் வழிதான். 2020-இல் தமிழ்நாடு, ஆந்திரத் தரவை வைத்து நடந்த ஆய்வு 84,965 நோயாளிகளையும் அவர்களோடு தொடர்பில் இருந்த 5,75,071 பேரையும் பார்த்தது. நம்பகமான பரிசோதனை விவரம் கிடைத்த நோயாளிகளில் பத்துக்கு ஏழு பேரின் தொடர்புகளில் ஒருவருக்குக்கூடத் தொற்று உறுதியாகவில்லை. அதாவது ஒருசில கோடுகள்தான் பாரத்தைத் தூக்கின. ஆனால் கோயம்பேடு சந்தையில் பக்கத்தில் நின்று காய்கறி வாங்கியவர் பெயரை யார் சொல்ல முடியும்? அங்கே ஆளை ஆளோடு இணைப்பதைவிட ஆளை இடத்தோடு இணைத்து வரைவதுதான் பலன் தரும்.

இனி பதிவேடு. சிக்காகோவில் ஆண்ட்ரூ பாபக்ரிஸ்டோஸ் என்ற சமூகவியலாளர் கைதுப் பதிவுகளிலிருந்து ஒரு வலையை வரைந்தார். இருவர் சேர்ந்து கைதாகியிருந்தால் அவர்களுக்கிடையே ஒரு கோடு. 2014-இல் வெளியான ஆய்வில், நகரின் ஒரு பகுதியில் நடந்த துப்பாக்கிக் கொலைகளில் 41% மக்கள்தொகையில் 4 சதவீதத்துக்கும் குறைவானவர்கள் அடங்கிய ஒரே வலைக்குள் நிகழ்ந்திருந்தன. 2017-இல் அவரும் சகாக்களும் 1,38,163 பேரின் வலையைப் பார்த்து, 2006 முதல் 2014 வரையிலான 11,123 துப்பாக்கிச்சூடுகளில் 63.1% தொற்றுநோய் போல ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவியதாகக் கணக்கிட்டார்கள். சுடப்பட்டவரின் கூட்டாளி ஆபத்தில் இருக்கிறார், அவருக்கு உடனே உதவி தேவை என்பதே இந்தத் தரவு சொல்லும் பொருள். இதை எழுதும்போதும் எனக்கு மனம் கனக்கிறது.

இதே சிந்தனையை வைத்து சிக்காகோ காவல்துறை, துப்பாக்கிச்சூட்டில் சிக்கும் ஆபத்து அதிகம் உள்ளவர்கள் என்று ஒரு பட்டியல் தயாரித்தது. 2013-இல் அதில் 426 பேர். ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2016-இல் அதை மதிப்பிட்டது: பட்டியலில் இருந்தவர்கள் கொலையாவதோ சுடப்படுவதோ குறையவில்லை, ஆனால் துப்பாக்கிச்சூடு வழக்குகளில் அவர்கள் கைதாவது கூடியது. காப்பாற்றப் போட்ட பட்டியல் சந்தேகப் பட்டியலாக மாறிவிட்டது. அது அதோடு நிற்கவும் இல்லை. 2017-இல் வெளியான தரவில் ஏறத்தாழ 4 லட்சம் பேருக்கு ஆபத்து மதிப்பெண் போடப்பட்டிருந்தது. 2019 நவம்பரில்தான் அதைக் கைவிட்டார்கள்.

தொலைபேசிப் பதிவுகளிலும் இதேதான் நடந்தது. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை, சந்தேக எண்ணிலிருந்து மூன்று படி தள்ளியுள்ளவர்கள்வரை பார்க்கலாம் என்று வைத்திருந்தது. ஒருவர் நூறு பேரோடு பேசுகிறார் என்று வைத்துக்கொண்டால், மூன்றாம் படியில் பத்து லட்சம் பேர். அந்தத் திட்டம் எந்தப் பயங்கரவாத விசாரணையின் முடிவையும் உறுதியாக மாற்றிய ஒரு நிகழ்வைக்கூடக் கண்டறிய முடியவில்லை என்று அந்நாட்டின் தனியுரிமை மேற்பார்வை வாரியம் 2014 ஜனவரியில் அறிக்கை தந்தது. இதற்கு எதிர்வாதமாக, வால்டிஸ் கிரெப்ஸ் என்ற வலைப்பின்னல் ஆய்வாளர் 2001 செப்டம்பர் 11 தாக்குதலை நடத்திய 19 பேரை வரைந்த படத்தைக் காட்டுவார்கள். அவர்களின் தலைவர் முகமது அட்டா நடுவில் தெளிவாகத் தெரிவார். ஆனால் அந்தப் படம் தாக்குதலுக்குப் பிறகு, பெயர்கள் தெரிந்த பிறகு, செய்தித்தாள்களிலிருந்து வரைந்தது. முன்பே வரைந்திருந்தால் எந்த 19 பேரை வரைவது?

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், துல்லியத்தைவிடத் தவறின் விலையில்தான் வித்தியாசம் பெரியது. ஹரியானாவில் தவறான ஆளைத் தேர்ந்தெடுத்தால் தடுப்பூசிச் செய்தி பரவாது, அவ்வளவுதான். சிக்காகோவில் தவறான ஆளைத் தேர்ந்தெடுத்தால் அவர் வீட்டுக் கதவைப் போலீஸ் தட்டும். சேர்ந்து கைதானவர்கள் என்ற கோடு, போலீஸ் எந்தத் தெருவில் அதிகம் சுற்றுகிறது என்பதையும் சேர்த்தே பதிவு செய்கிறது. அந்தத் தெருவில் பிறந்த பையன் அடர்த்தியான வலைக்குள்தான் நிற்பான்.

அதே சிக்காகோவில் கேரி ஸ்லட்கின் என்ற தொற்றுநோயியல் மருத்துவர் 2000-இலிருந்து வேறு வழியில் போனார். அந்தந்தப் பகுதியில் வளர்ந்தவர்களை, சிலசமயம் சிறை சென்று வந்தவர்களையே, வேலைக்கு எடுத்தார். யார் யாரைப் பழிவாங்கப் போகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். முன்பே போய்ப் பேசுவார்கள். மதிப்பீடுகளில் சில இடங்களில் துப்பாக்கிச்சூடு குறைந்தது, சில இடங்களில் தெளிவான பலன் இல்லை. அதனால் இதை மந்திரக்கோல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே வலை அந்த ஊழியரின் தலைக்குள் இருக்கிறது. 4 லட்சம் பேரின் மதிப்பெண்ணாக அது எந்தக் கணினியிலும் ஏறுவதில்லை.

ஆகவே வன்முறை ஆய்வுக்குத் திட்டம் எழுதும் மாணவர்களிடம் நான் சொல்வது இதுதான். கைதுப் பதிவிலிருந்து வலை வரைந்தால் ஆபத்து எந்தப் பகுதியில் குவிகிறது என்று காட்டுங்கள், பெயர்களை நீக்கிவிடுங்கள். ஆளைத் தேடும் வேலையைத் தெருவில் நிற்பவரிடம் விடுங்கள். சுகாதாரத் திட்டம் என்றால் ஊருக்குப் போய் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்; மேலத்தெருவில் கேட்டதும் திரும்பிவிடாமல் காலனியிலும் போய்க் கேளுங்கள்.