முழுங்குகிற நாய்க்கு என்ன வாங்குவது? செவலையோடு ஒன்றரை வருடம்

2023 டிசம்பர் வெள்ளத்தில் தூத்துக்குடியில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது மாடிப்படியில் வந்து ஒதுங்கிய குட்டி அவள். அப்போது நாலு மாதம் இருக்கும். நிறத்தைப் பார்த்து அம்மா வைத்த பெயர்தான் செவலை. தண்ணீர் வடிந்த பிறகும் அவள் படியை விட்டு இறங்கவில்லை, நாங்களும் இறக்கிவிடவில்லை. இப்போது 16 கிலோ. கருத்தடை ஆகிவிட்டது, தடுப்பூசி எல்லாம் தேதி தவறாமல் போட்டாகிறது. சோற்றில் பிரச்சினை இல்லை. சோறு, கோழி, கேரட், முட்டை என்று எது வைத்தாலும் சாப்பிடுவாள். நான் தடுமாறியது ட்ரீட், அதாவது இடையில் கொடுக்கிற நொறுக்குத் தீனி வாங்குவதில்தான். இந்த ஒன்றரை வருடத்தில் பத்துப் பதினைந்து வகை வாங்கிப் பார்த்துவிட்டேன். காலையில் பீச் ரோட்டில் நாயோடு நடக்க வருகிற மற்றவர்கள் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். புதிதாக நாய் வளர்க்கிற யாருக்காவது உதவட்டும்.

முதலில் வாங்கியது வெள்ளையாக, இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்ட எலும்பு. எல்லாப் பெட் ஷாப்பிலும் கல்லா மேஜைக்குப் பக்கத்தில் கொத்தாகத் தொங்குமே, அதுதான். "பல் முளைக்கிற குட்டிக்கு நல்லதுக்கா, ஒரு மணி நேரம் சத்தம் இல்லாமக் கிடக்கும்" என்று கடைத் தம்பி சொன்னான். உண்மையிலேயே சத்தம் இல்லாமல்தான் கிடந்தாள். இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால் எலும்பில் பாதியைக் காணோம். ராத்திரி பதினொன்றரைக்கு ஓங்கரிக்க ஆரம்பித்தாள். முதுகை வில்லாக வளைத்து, கழுத்தை நீட்டி, வெள்ளை நுரைதான் வருகிறது. வாயைத் திறந்து டார்ச் அடித்தால் தொண்டையில் வழவழவென்று ஏதோ தெரிந்தது. அம்மா தாடையைப் பிடித்துக்கொள்ள, நான் இரண்டு விரலை விட்டு இழுத்தேன். ஊறிப்போன வெண்டைக்காய் மாதிரி கொழகொழத்த ஒரு துண்டு, என் நடுவிரல் நீளம் இருக்கும், வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. செவலை ஒரு முறை இருமிவிட்டு, அந்தத் துண்டையே மறுபடி கவ்வப் பார்த்தாள். அதுதான் என்னை உலுக்கிவிட்டது.

மறுநாள் டாக்டரிடம் அந்தத் துண்டையும் பாலிதீன் பையில் போட்டு எடுத்துப் போனேன். அவர்தான் சொன்னார், அது எலும்பே இல்லை என்று. மாட்டுத் தோல். தோல் பதனிடும்போது மேல் தோலைச் செருப்புக்கும் பைக்கும் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுகிற உள் தோலைச் சுத்தம் செய்து, வெளுத்து, ஈரத்தோடு முறுக்கி, முடிச்சுப் போட்டுக் காயவைக்கிறார்கள். ஈரம் பட்டால் மறுபடி ஊதும். மெல்ல மெல்லக் கொறித்துத் தின்கிற நாய்க்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. துண்டாக முழுங்குகிற நாய்க்குத் தொண்டையில் மாட்டும், இல்லாவிட்டால் குடலில் போய் அடைக்கும். "முழுங்குற நாய்க்கு இது ஆகாதும்மா. கடைக்குப் போறதுக்கு முன்னாடி உங்க நாய் எப்படிச் சாப்பிடுதுன்னு ஒரு வாரம் பாருங்க" என்றார். இத்தனை நாளில் எனக்குக் கிடைத்த ஆலோசனைகளில் இதைவிட உருப்படியானது வேறில்லை.

பார்த்தேன். செவலை கடிப்பதே இல்லை. எது கொடுத்தாலும் ஒரே முழுங்கு. தெருவில் பிறந்த குட்டி, கிடைத்ததை அடுத்த நாய் பறிக்கும் முன் உள்ளே தள்ளிப் பழகியிருக்கிறாள். எதிர்வீட்டு சீசர் நேர் எதிர். ஒன்பது வயது லாப்ரடார். அந்த இனம் கிடைத்ததையெல்லாம் விழுங்கும் என்பார்கள், ஆனால் சீசர் எதையும் முன்னங்கால் இரண்டுக்கும் நடுவில் வைத்து நக்கி, கொறித்து, இடையில் தூங்கி, எழுந்து மறுபடி கொறிப்பான். ஒரே கடையில் ஒரே பொருளை வாங்கி இரண்டு பேருக்கும் கொடுத்தால் அவனுக்கு அது பொழுதுபோக்கு, இவளுக்கு ஆபத்து. பாக்கெட்டில் "எல்லா இனங்களுக்கும்" என்று போட்டிருப்பதை இப்போதெல்லாம் நான் பொருட்படுத்துவதே இல்லை.

சீசருக்கு வாங்கியதில் ஆகச் சிறந்தது சுர்ப்பி. நேபாளத்திலும் இமயமலை ஓரங்களிலும் மனிதர்களே வாயில் அடக்கி வைத்துச் சப்புகிற காய்ந்த பாலாடைக்கட்டி இது. யாக், பசு இவற்றின் பாலைத் திரித்து, நீரை வடித்து, அழுத்தி, வாரக்கணக்கில் காயவைப்பார்கள். இங்கே பெங்களூரு டாக்ஸீ கம்பெனியின் பாக்கெட் கிடைக்கிறது. செங்கல் துண்டு மாதிரி கனம், மோந்து பார்த்தால் லேசான புகை வாசனை, அவ்வளவுதான். கை நாறாது, தரையில் கறை இல்லை. சீசருக்கு ஒரு கட்டி பத்து நாள் வந்தது. கடைசியில் சுண்டுவிரல் அளவுக்குத் தேய்ந்ததும் பிடுங்கிவிட வேண்டும், அந்த அளவுதான் தொண்டையில் மாட்டும். பிடுங்கியதைத் தூக்கிப் போட வேண்டாம். கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறவைத்து மைக்ரோவேவில் அரை நிமிடம், முக்கால் நிமிடம் வைத்தால் பொரி மாதிரி உப்பிவிடும். ஆறவைத்து உடைத்துக் கொடுத்தால் மொறுமொறுவென்று தின்பான். செவலைக்கு நான் சுர்ப்பியைக் கட்டியாகக் கொடுப்பதே இல்லை. அந்த உப்பிய நொறுக்கல் மட்டும்தான், அதுவும் சீசர் வீட்டுப் பங்கு.

சுர்ப்பியிலும் ஒரு எச்சரிக்கை, அதன் கடினம்தான். பீச் ரோட்டில் வருகிற ஒருவரின் ராஜபாளையம் நாய், கடையில் வாங்கிய மாட்டுக் குளம்பைக் கடித்து மேல்வரிசைப் பெரிய பல்லை உடைத்துக்கொண்டது. மேல்தாடையில் கத்தரிக்கோல் மாதிரி வெட்டுகிற அந்தப் பல்தான் கடினமான சாமான் கடிக்கிற நாய்களுக்கு அதிகம் உடையும் என்று அவருடைய டாக்டர் சொன்னாராம். மயக்கம் கொடுத்துப் பல்லை எடுத்தார்கள். கடிக்கக் கொடுக்கிற எதையும் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், துளியாவது பதிய வேண்டும். பதியாவிட்டால் அது பல்லைவிடக் கடினம் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தச் சோதனையில் பல சுர்ப்பிக் கட்டிகளும் தேறாது. பலமாகக் கடிக்கிற நாய்க்கு வேண்டாம், சீசர் மாதிரி சப்புகிறவர்களுக்கு மட்டும் என்பது என் முடிவு. சமைத்த எலும்பு யாருக்குமே வேண்டாம். வெந்த எலும்பு ஊசி ஊசியாகப் பிளக்கும்.

அப்புறம் ஜெர்க்கி. பட்டை பட்டையாகக் காயவைத்த கோழி. செவலை இதற்கு உயிரையே விடுவாள். முதலில் வாங்கிய பாக்கெட் 70 கிராம், முன்பக்கத்தில் முழுக் கோழியின் படம். பின்பக்கத்தில் முதல் பெயர் கோதுமை மாவு, கோழி மூன்றாவது இடத்தில். எடையில் எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுதுவார்கள் என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை. "சிக்கன் ஃப்ளேவர்" என்றால் கோழி வாசனை மட்டும் இருந்தால் போதும். இப்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் முன்பக்கத்துக்கே வருகிறேன். எந்த நாட்டில் தயாரானது என்பதையும் பார்க்கிறேன். அமெரிக்காவில் 2007 முதல் ஜெர்க்கி தின்ற நாய்களுக்குச் சிறுநீரகக் கோளாறு, வாந்தி என்று அவர்களுடைய உணவு மருந்து நிர்வாகத்துக்குப் புகார்கள் குவிந்தன. 2015 முடிவதற்குள் 6,000-க்கு மேற்பட்ட நாய்கள் பாதிக்கப்பட்டதாகவும் 1,100-க்கு மேல் இறந்ததாகவும் புகார்கள் வந்திருந்தன. பெரும்பாலானவை சீனாவில் தயாரான ஜெர்க்கி. எத்தனையோ பரிசோதனை செய்தும் இன்னதுதான் காரணம் என்று அவர்களால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. இதைப் படித்த அன்றைக்கு வீட்டில் மீதமிருந்த பாக்கெட்டைக் குப்பையில் போட்டேன். ஒரே சேர்மானம், கோழி மட்டும், தயாரிப்பு இடமும் தேதியும் தெளிவாக இருந்தால் மாதம் ஒரு பாக்கெட் வாங்குகிறேன். கத்தரிக்கோலால் சுண்டுவிரல் நக அளவுக்கு வெட்டித்தான் டப்பாவில் போடுவேன்.

தெருநாய் என்றாலே நம் கை குளுக்கோஸ் பிஸ்கட்டுக்குப் போகும். என் கையும் போனது. டாக்டர் ஒரு கணக்குச் சொன்னார். 16 கிலோ, கருத்தடை செய்த நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 900 கலோரி போதும். ட்ரீட் அதில் பத்தில் ஒரு பங்குக்குள், அதாவது 90 கலோரிக்குள் இருக்க வேண்டும். பிஸ்கட் 100 கிராமுக்கு 450 கலோரி அளவில் வரும். ஆக 20 கிராம், ஒரு நாலு பிஸ்கட்டோடு அன்றைய கோட்டா முடிந்தது. எங்கள் வீட்டில் அம்மா காலைக் காப்பியோடு இரண்டு, நான் ஆபீஸ் கிளம்பும்போது இரண்டு, சாயங்காலம் பால்காரர் ஒன்று. யார் எவ்வளவு போட்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது. இப்போது ஒரு நாளைக்கு உரிய ட்ரீட் முழுவதும் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் காலையிலேயே போய்விடும். டப்பா காலியானால் அவ்வளவுதான், அன்றைக்கு யார் கெஞ்சினாலும் கிடையாது. பெரும்பாலும் கெஞ்சுவது அம்மாதான்.

இனி நெத்திலி. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் எழுதினேன். பெட் ஷாப்பில் காயவைத்த குட்டி மீன் 50 கிராம் பாக்கெட்டுக்கு 200 ரூபாய்க்கு மேல் கேட்டார்கள். வாங்கிக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் நான் நிற்பது தூத்துக்குடி என்பது நினைவுக்கு வந்தது. கருவாடு நாய்க்கு ஆகாது, உப்பு மிக அதிகம். ஆனால் உப்பே போடாமல் வெயிலில் காயவைத்த நெத்திலியும் நம் ஊரில் உண்டு. மார்க்கெட்டில் கருவாட்டுக்கார அக்காவிடம் கேட்டேன். "நாய்க்குன்னா உப்பு போடாதத எடுத்துத் தாரேன் தங்கச்சி. வீட்ல ஒரு வெயில் காட்டி வச்சுக்கோ, ரொம்ப நாள் வைக்காத" என்றார். கால் கிலோ வாங்கினேன். வீட்டுக்கு வந்து சல்லடையில் போட்டுத் தட்டினால் மணல் கொட்டுகிறது. கரையில் காய்ந்தது இல்லையா. தலையைக் கிள்ளிவிட்டு, பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை அலசி, மொட்டை மாடியில் வலை போட்டு மூடி ஒரு முழு வெயில் காயவைத்தேன். கிளறினால் சலசலவென்று சத்தம் வர வேண்டும், அதுதான் பதம். வளைந்தால் ஈரம் இருக்கிறது, பூஞ்சை பிடித்துவிடும். காய்ந்ததை டப்பாவில் அடைத்து ஃப்ரீசரில் வைத்தால் மூன்று வாரம் தாராளமாக வருகிறது. நெத்திலியின் முள் நூல் மாதிரி, குத்துவதில்லை. முழுங்கினாலும் பயமில்லாத ட்ரீட் என்றால் எங்களுக்கு இதுதான். வா என்றால் வர, உட்கார் என்றால் உட்கார, கேட் திறந்திருந்தாலும் ஓடாமல் நிற்க, எல்லாம் பழகியது அரை நெத்திலிக்குத்தான். ஃப்ரீசர் கதவு திறக்கிற சத்தத்துக்கு மாடியிலிருந்து இறங்கி வருகிறாள். குறை என்றால் வாசனைதான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டு அப்படியே ஆபீஸ் போக முடியாது.

கோழி ஈரலும் நல்லது. வேகவைத்து, பொடியாக நறுக்கி, இரும்புச் சட்டியில் எண்ணெய் விடாமல் ஈரம் போக வறுக்க வேண்டும். வைட்டமின் ஏ நிறைய இருப்பதால் தினமும் கொடுப்பதில்லை, வாரத்துக்கு இரண்டு நாள். சீனிக்கிழங்கை அவித்து, வட்டமாக நறுக்கி இரண்டு நாள் காயவைத்தால் தோல் மாதிரி இழுபடும், சீசருக்குப் பிடிக்கிறது. செவலைக்குப் பொடித்துத்தான் தர வேண்டியிருக்கிறது. வறுத்த கோவில்பட்டிக் கடலையைத் தோல் நீக்கி உப்பு, சர்க்கரை இல்லாமல் விழுதாக அரைத்துக் கிண்ணத்தின் அடியில் தடவிக் கொடுப்பதும் உண்டு. தீபாவளி ராத்திரி அந்தக் கிண்ணம்தான் அவளைக் கட்டிலுக்கு அடியில் அமைதியாக வைத்திருந்தது. கடையில் பீநட் பட்டர் வாங்குகிறவர்கள், "சர்க்கரை இல்லை" என்று போட்டிருந்தால் தயவுசெய்து பின்பக்கத்தைப் பாருங்கள். சர்க்கரைக்குப் பதில் சேர்க்கிற இனிப்பான சைலிட்டால் என்றோ, அதன் எண்ணான ஈ967 என்றோ இருந்தால் வீட்டுக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம். நாய்க்கு ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கி, ஈரலும் கெட்டுவிடும். சாக்லேட், திராட்சை, கிஸ்மிஸ், வெங்காயம், பூண்டு இவையும் விஷம்தான். பிரியத்தில் பாயசத்துக் கிஸ்மிஸை எடுத்துப் போடுகிற கைகளை நான் தடுத்துக்கொண்டே இருக்கிறேன்.

பல் சுத்தமாகும் என்று விற்கிற குச்சிகளைப் பற்றிக் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 1997 முதல் இயங்குகிற கால்நடை வாய்நலக் கவுன்சில் சோதனை முடிவுகளைப் பார்த்து முத்திரை கொடுக்கிறது. அந்த முத்திரை உள்ள குச்சி, மெல்லுகிற நாய்க்குப் பயன்படும். பல்லில் உரசினால்தானே காரை போகும். செவலைக்கு நாலு நாள் கொடுத்தேன், நாலும் இரண்டு கடியில் உள்ளே போயின. அதற்குப் பதில் விரலில் துணியைச் சுற்றி, நாய்களுக்கான பேஸ்டை வைத்து நானே தேய்த்துவிடுகிறேன். முடிந்ததும் இரண்டு நெத்திலி, அதனால் வாயைத் தானே திறக்கிறாள்.

போன வாரம் மொட்டை மாடியில் நெத்திலி கிளறிக்கொண்டிருந்தபோது கொஞ்சம் பெரியதாக ஒன்று கிடைத்தது. தூக்கிப் போட்டேன். வழக்கமாகக் காற்றிலேயே பிடித்து முழுங்குவாள். அன்றைக்குக் கவ்விக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டி நிழலில் படுத்து, முன்னங்கால் நடுவில் வைத்து, வாலிலிருந்து ஆரம்பித்து மெல்ல மெல்லக் கடித்தாள். ஒரு காகம் கைப்பிடிச் சுவரில் வந்து உட்கார்ந்தது. அதைப் பார்த்தாள், அப்புறமும் அவசரப்படவில்லை.