சிபிஆரைப் படமாக்க கன்வெர்ட்டர் எதற்கு? செவன் ஸிப் போதும்

கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற மாமா, பரணில் கிடந்த பழைய காமிக்ஸ் கட்டை ஒருவழியாக ஸ்கேன் பண்ணி 23 ஃபைலாக அப்பாவுக்கு அனுப்பிவிட்டார். எல்லாம் சிபிஆர், சிபிஸெட், அதாவது காமிக்ஸ் பக்கங்களை ஒன்றாகக் கட்டி வைக்கிற ஃபைல் வகைகள். அப்பாவுக்குக் கட்ராக்ட் ஒபரேஷன் நடந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, போனில் படிக்க மாட்டார், டிவியில்தான் வேண்டுமாம். எங்கள் வீட்டு டிவியோ பென் ட்ரைவில் ஜேபிஜி இருந்தால் காட்டும், சிபிஆர் என்றால் அப்படியொன்று உள்ளே இருப்பதாகவே காட்டிக்கொள்ளாது. ஆக, பக்கங்களை ஒவ்வொரு படமாக வெளியே எடுத்தாக வேண்டும்.

முதலில் எல்லாரும் செய்கிற பிழையைத்தான் நானும் செய்தேன். தேடினேன், மேலே வந்த ஒன்லைன் கன்வெர்ட்டர் ஒன்றில் ஏற்றினேன். 180 எம்பி ஏறி முடிய ஒரு தேத்தண்ணி குடித்து முடித்து, கோப்பையையும் கழுவிவிட்டேன், பகல் டேட்டா போனது தனிக்கதை. இறங்கி வந்தது 40 எம்பி. பரவாயில்லையே, குறைந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன் பாருங்கள், அதுதான் மடத்தனம். டிவியில் போட்டதும் அப்பா கண்ணாடியை ஏற்றி இறக்கிவிட்டுக் கேட்டார்: "என்னடா இது, ஒருத்தரும் புள்ளியே இல்லாமல் கதைக்கினம்?" கிட்டப் போய்ப் பார்த்தால் உண்மைதான். அந்தத் தளம் பக்கங்களைச் சுருக்கி, திரும்பவும் ஜேபிஜியாக அழுத்தியிருக்கிறது. ஆங்கில காமிக்ஸ் என்றால் எழுத்துக் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். தமிழில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்துப் புள்ளி. பலூனுக்குள் "சுட்டான்" என்று இருந்தது "சுடடான" ஆகிவிட்டது.

அடுத்து கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கொமினிகேஷன் கடையில் கேட்டேன். கவுண்டரில் நின்ற தம்பி பென் ட்ரைவைச் செருகிப் பார்த்துவிட்டு, "கன்வெர்ட் பண்ணத்தான் வேணும் அண்ணா, ஒரு ஃபைலுக்கு 150" என்றார். 23 ஃபைலுக்குக் கணக்குப் போட்டால் 3,450 ரூபாய். தம்பியில் பிழை இல்லை, அவருக்கும் விஷயம் தெரியாது. ஆனால் இதில் கன்வெர்ட் பண்ண ஒன்றுமே இல்லை.

சிபிஸெட் என்பது பெயர் மாற்றி வைத்த ஸிப், அதாவது பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டி வைக்கிற பெட்டி. சிபிஆரும் அப்படித்தான், ரார் என்கிற இன்னொரு வகைப் பெட்டி. உள்ளே இருப்பவை ஏற்கனவே சாதாரணப் படங்கள்தான், பெட்டியைத் திறந்து வெளியே எடுத்தால் முடிந்தது, ஒரு புள்ளியும் குறையாது. வேடிக்கை என்னவென்றால் மேலே ஒட்டியிருக்கிற பெயரையும் முழுதாக நம்ப முடியாது. ஒரு சிபிஆரை நோட்பேடில் திறந்து பார்த்தேன், குப்பை எழுத்துகளுக்கு முன்னால் முதல் இரண்டு எழுத்து 'பிகே'. அது ஸிப்பை உருவாக்கிய ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள். உண்மையான ரார் என்றால் 'ரார்' என்றும் ஒரு ஆச்சரியக்குறியும் இருக்க வேண்டும். மாமாவின் மகன் ஸிப்பாகக் கட்டிவிட்டு சிபிஆர் என்று பெயர் வைத்திருக்கிறான், என்ன அவசரமோ.

இந்த மாதிரிப் பெட்டிகளைத் திறக்கிற மென்பொருள்தான் செவன் ஸிப், அதற்கு இந்தக் குழப்பமெல்லாம் பொருட்டே இல்லை. பெயரைப் பார்க்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துத் திறக்கிறது. 23 ஃபைலையும் மொத்தமாகத் தெரிவு செய்து, ரைட் கிளிக் பண்ணி, செவன் ஸிப் மெனுவில் எக்ஸ்ட்ராக்ட் டு என்று நட்சத்திரக்குறியோடு இருப்பதை அழுத்தினால் ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனித்தனி போல்டர் வந்துவிடும். இன்டர்நெட் தேவையில்லை, காசு இல்லை, என் பழைய லாப்டொப்பிலேயே சில நிமிடம்தான். இகோர் பாவ்லோவ் என்பவர் 1999 முதல் இதை இலவசமாகத் தந்துகொண்டிருக்கிறார்.

ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். நாலு புத்தகத்துக்குள் இருந்தது வெப்பி என்கிற வேறொரு பட வகை, அதை எங்கள் டிவி சீண்டவே இல்லை. அதற்கு மட்டும் இர்ஃபான்வியூ என்கிற படம் பார்க்கிற மென்பொருளைப் போட்டேன், அதன் பிளகின் தொகுப்பையும் சேர்த்து. பல படங்களை மொத்தமாக மாற்றுகிற பேட்ச் கன்வெர்ஷனில் ஜேபிஜி தரத்தை 95இல் வைத்தேன், புள்ளியெல்லாம் பத்திரம். அப்புறம் பக்க வரிசை. விண்டோஸில் 1, 2, 3 என்று ஒழுங்காகத் தெரிந்தது டிவியில் 1, 10, 11, 2 என்று ஓடியது, வில்லன் செத்த பிறகு அவன் கடத்தல் திட்டம் போடுகிறான். இலக்கத்துக்கு முன்னால் சைபர் போட்டு 001, 002 என்று மாற்றினால் சரி, அதையும் இர்ஃபான்வியூவே மொத்தமாகச் செய்யும். பட்டியலில் வரிசை சரியா என்று பார்த்துவிட்டு ஓட விடுங்கள், நான் பார்க்காமல் ஓடவிட்டு ஒரு புத்தகத்தைத் திரும்ப எடுக்க வேண்டி வந்தது.

செவன் ஸிப்பில் குறை இல்லாமலும் இல்லை. தோற்றம் தொண்ணூறுகளிலேயே நின்றுவிட்டது. ராரைத் திறக்கும், ராராகக் கட்டித் தராது. தானாக அப்டேட் ஆகாது என்பதுதான் எனக்குப் பெரிய குறை, நாமே நினைவு வைத்துப் போய்ப் புதியதை இறக்க வேண்டும், அதுவும் தேடலில் மேலே வரும் விளம்பரங்களை அழுத்தாமல் அதன் சொந்தத் தளத்தில் இருந்து. மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. கடைகளில் வாங்கிய, பூட்டுப் போட்ட மின்னூல்களுக்கு இந்த வழி சரிவராது, இது பூட்டில்லாத ஃபைல்களுக்கு மட்டும்.

23இல் 22 முழுதாக வந்துவிட்டது. மிச்சம் ஒன்றில் சிஆர்சி பிழை, அதாவது உள்ளே இருக்கிற தரவு பழுதாகிவிட்டது என்று செவன் ஸிப் சொல்லி, எந்தப் பக்கம் பழுது என்று பெயரோடு காட்டியது, மற்றப் பக்கங்களை எடுத்தும் தந்தது. பழுதானது 31ஆம் பக்கம். அப்பா 30 வரைக்கும் படித்துவிட்டு ரிமோட்டோடு காத்திருக்கிறார், மாமாவுக்கு வட்ஸ்அப் போட்டிருக்கிறேன், அங்கே இன்னும் விடியவில்லை.